அட்லஸில் மட்டும் மிச்சமிருக்கும் நாடு: யூகோஸ்லாவியா நினைவிழை

அரை டிக்கெட் எழுதியது:

போகிக்காகப் பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் பள்ளிக்கூட அட்லஸ் கிடைத்தது. ஐரோப்பாப் பக்கத்தைப் புரட்டினால், இத்தாலிக்கு எதிர்க்கரையில் இளம் ரோஸ் நிறத்தில் ஒரே நாடு. யூகோஸ்லாவியா. இன்று அந்த இடத்தில் ஏழு நாடுகள் (கொசோவோவையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன், சண்டைக்கு வராதீர்கள்).

எனக்கு அந்தப் பெயர் தெரிந்ததே 1992 யூரோ கால்பந்தால்தான். யூகோஸ்லாவியா தகுதி பெற்று ஸ்வீடனுக்கே வந்து இறங்கிவிட்டது. போட்டி தொடங்கப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, அங்கே நடந்த போருக்காக ஐ.நா. தடை விதித்தது. அணியைத் திருப்பி அனுப்பிவிட்டு, தகுதிச் சுற்றில் அவர்களுக்கு அடுத்த இடத்தில் இருந்த டென்மார்க்கைக் கூப்பிட்டார்கள். டென்மார்க் கோப்பையையே தூக்கிக்கொண்டு போனது. அந்தக் கதையை எல்லாரும் சொல்கிறார்கள். விமானம் ஏறித் திரும்பிப் போனவர்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

இங்கே மூத்தவர்கள் இருக்கிறீர்கள். கேட்டது, பார்த்தது, விளையாடியது, சேர்த்து வைத்தது எதுவானாலும் எழுதுங்கள். தேடி எடுத்து ஒட்டுவது மட்டும் வேண்டாம்.

கடலோடி எழுதியது:

தம்பி, நான் அங்கே கால் வைத்தவன். 1983, ரியேகா துறைமுகம். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை.

மே 4. சாப்பிட்டுவிட்டு டெக்கில் நிற்கிறேன். மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு ஊர் முழுக்கச் சங்கு ஊதியது. எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து எட்டிப் பார்த்தால் கரையில் யாரும் ஓடவில்லை. கிரேன் நின்றுவிட்டது, கொக்கியில் சரக்கு அந்தரத்தில் தொங்குகிறது. லாரி ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒரு அம்மா காய்கறிப் பையோடு நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார். சங்கு ஓய்ந்ததும் கிரேன் இறங்கியது, அந்த அம்மா நடந்தார், எல்லாம் பழையபடி. அப்புறம் விசாரித்தால், அந்த நாட்டை ஆண்ட டிட்டோ செத்த நேரமாம். 1980 மே 4, பிற்பகல் 3:05, லியூப்லியானா மருத்துவமனையில். வருடா வருடம் இப்படித்தான் என்றார்கள். நம் ஊரில் தலைவர் நினைவு நாளுக்குக் கடை அடைப்பு பார்த்திருக்கிறேன். யாரும் மிரட்டாமல் ஒரு ஊர் அப்படி நின்றதைப் பார்த்ததில்லை.

இன்னொன்று காபி. அப்போது அங்கே காபிக்குப் பஞ்சம். வெளிநாட்டுக் கடன் மூச்சைப் பிடித்ததால் இறக்குமதியை வெட்டிவிட்டார்கள். காபி இல்லை, சலவைத்தூள் இல்லை, பெட்ரோலுக்குக் கூப்பன். வசதி உள்ளவர்கள் எல்லை தாண்டி இத்தாலியின் திரியெஸ்தெவுக்குப் போய் ஜீன்ஸும் காபியும் வாங்கி வருவார்கள். என் பெட்டியில் வீட்டில் அரைத்துக் கொடுத்த தூள் ஒரு கிலோ இருந்தது. துறைமுகத் தொழிலாளி ஒருவர் மோப்பம் பிடித்துவிட்டார். பாதியை அவரிடம் கொடுத்தேன். மறுநாள் பிளம் பழச் சாராயம் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். தூளில் சிக்கரி கலந்திருப்பதை நான் சொல்லவில்லை. பார்த்தால், காபி கிடைக்காத நாளில் அவர்களும் குடித்தது சிக்கரிதான்!

கறுப்புக் குதிரை எழுதியது:

கால்பந்தில் ஆரம்பித்தால் அதிலேயே முடித்துவிடுவீர்கள். அதற்குள் சதுரங்கத்துக்கு ஒரு இடம் போட்டுக்கொள்கிறேன்.

உலகச் சதுரங்கத்தில் சோவியத்துக்கு அடுத்து யார் என்று 1950களில் கேட்டால் யூகோஸ்லாவியா என்பார்கள். 1950 ஒலிம்பியாட் துப்ரோவ்னிக் நகரத்தில் நடந்தது. 1948இல் ஸ்டாலின் டிட்டோவைக் கூட்டணியிலிருந்து தள்ளிவைத்திருந்தார், அதனால் சோவியத்தும் அதன் சுற்றமும் வரவே இல்லை. தங்கம் யூகோஸ்லாவியாவுக்கு. ஆள் இல்லாத வீட்டில் வென்றார்கள் என்று சொல்லலாம்தான். ஆனால் அதற்குப் பிறகும் ஒலிம்பியாடுக்கு ஒலிம்பியாட் பதக்க மேடையில் நின்றார்கள். கிளிகோரிச் என்ற ஒருவர் போதும். போர்க்காலத்தில் டிட்டோவின் கொரில்லாப் படையில் இருந்தவர், பிறகு கிராண்ட்மாஸ்டர், பத்திரிகையாளர். கிங்ஸ் இந்தியன் என்ற தொடக்க ஆட்டத்தை அவரிடமிருந்துதான் கற்றோம் என்று என் தலைமுறையில் நிறையப் பேர் சொல்வார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. தலைநகர் பெல்கிரேடில் இருந்து 1966 முதல் 'இன்ஃபார்மேட்டர்' என்று ஒரு தொகுப்பு வந்தது. உலகம் முழுக்க நடந்த ஆட்டங்களில் பொறுக்கி எடுத்தவை. விளக்கத்துக்கு ஒரு வார்த்தைகூட இருக்காது, எல்லாம் குறிகள்தான். கூட்டலுக்குக் கீழே கழித்தல் போட்டால் வெள்ளைக்குச் சாதகம். எட்டைப் படுக்க வைத்தால் நிலைமை தெளிவில்லை. சின்னச் சதுரம் போட்டால் வேறு வழியில்லை, இந்த ஒரே நகர்வுதான். ரஷ்ய மொழியும் தெரியாது, ஆங்கிலமும் தடுமாற்றம் என்று சென்னையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது வரம். நண்பர் வட்டத்தில் ஒரு புத்தகத்தை ஆறு பேர் சுற்றில் விட்டோம். என் முறை செவ்வாய், புதன்.

இன்றைக்குப் பிள்ளைகள் கணினியில் ஆடும்போது மூலையில் பி90, ஈ97 என்று வருகிறதே, அந்தத் தொடக்க ஆட்டக் குறியீடும் அங்கே பிறந்ததுதான். ஏ முதல் ஈ வரை ஐந்து எழுத்து, ஒவ்வொன்றிலும் நூறு எண். நாடு போய்விட்டது, குறியீடு போகவில்லை.

பழைய நோட்டு எழுதியது:

என்னிடம் இருப்பது பத்து தினார் நோட்டு ஒன்று. பாரிமுனை நடைபாதையில் பத்து ரூபாய்க்கு வாங்கினேன், கணக்கு நேர்.

அதில் ராஜா, தலைவர் யாரும் இல்லை. தலையில் தொப்பியோடு உலை முன்னால் நிற்கும் எஃகுத் தொழிலாளி. சிரிக்கிறார். பெயர் ஆரிஃப் ஹெராலிச், போஸ்னியாவின் ஸெனிட்ஸா உருக்காலையில் வேலை. 1955இல் வந்த ஆயிரம் தினார் நோட்டில் முதலில் வந்தார். 1966இல் பணத்தில் இரண்டு பூஜ்யத்தை வெட்டியபோது ஆயிரம் பத்தாகிவிட்டது, சிரிப்பு மாறவில்லை. நாடு முழுக்க எல்லார் சட்டைப் பையிலும் இருந்த முகம். அந்த மனிதர் 1971இல் இறந்தார். ஏழையாக.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. பலர் இது அலியா சிரோதானோவிச் என்று நினைத்தார்கள். அவர் வேறு, சுரங்கத் தொழிலாளி. 1949இல் தன் குழுவோடு ஒரே ஷிப்டில் 152 டன் நிலக்கரி வெட்டிச் சாதனை செய்தவர். உனக்கு என்ன வேண்டும் என்று டிட்டோ கேட்டதற்கு, பெரிய மண்வெட்டி ஒன்று என்றாராம். நடந்ததோ கட்டியதோ, அந்த ஊரில் எல்லாரும் சொல்லும் கதை. அவருக்கும் நோட்டில் இடம் கிடைத்தது, 1987இல். அப்போது அச்சடித்தது இருபதாயிரம் தினார். விலைவாசி எந்த வேகத்தில் ஏறியது என்று இதைப் பார்த்தாலே தெரியும். 1989இல் பணவீக்கம் ஆண்டுக்கு ஆயிரம் சதவீதத்தைத் தாண்டியது. நாடு உடைந்த பிறகு, செர்பியாவும் மாண்டினீக்ரோவும் மட்டும் பழைய பெயரை வைத்துக்கொண்டிருந்த 1993இல், ஐம்பதாயிரம் கோடி தினாருக்கு ஒரே நோட்டு வந்தது. அதுவும் என்னிடம் உண்டு. அதில் இருப்பவர் ஒரு கவிஞர். பாவம்.

அரை டிக்கெட் எழுதியது:

மண்வெட்டிக் கதை அருமை சார். கால்பந்துக்காரர்கள் எங்கே?

நடுவர் விசில் எழுதியது:

வந்துவிட்டேன். 1952இலிருந்து தொடங்க வேண்டும், அதில் நமக்கும் பங்கு உண்டு. ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ், ஜூலை 15. யூகோஸ்லாவியா 10, இந்தியா 1. நம் ஆட்கள் சிலர் வெறுங்காலோடு, ஈரப் புல்லில். ஸெபெட்ஸ் என்ற ஒருவர் மட்டும் நான்கு போட்டார். நம் ஒரு கோல் அகமது கானுடையது. பூட்ஸ் கட்டாயம் என்ற முடிவு அதற்குப் பிறகு வந்ததுதான். 1956 மெல்பர்னில் அரையிறுதிக்கே போய் மறுபடி அவர்கள் கையில் மாட்டினோம். நெவில் டிசூசா முதல் கோலைப் போட்டார், கடைசியில் 4-1. 1980களில் நம் தேசிய அணிக்கே பயிற்சியாளராக வந்த மிலோவான் சிரிச்சும் அந்த நாட்டுக்காரர். அடித்தவர்களிடமே பாடம் கேட்டோம், தப்பில்லை.

அதே ஹெல்சிங்கியில் நம்மை முடித்த கையோடு அவர்களுக்கு அடுத்த ஆட்டம் சோவியத்தோடு. டிட்டோவும் ஸ்டாலினும் முகம் கொடுத்துப் பேசாத காலம். யூகோஸ்லாவியா ஒரு கட்டத்தில் 5-1 முன்னிலை. சோவியத்தின் போப்ரோவ் விடவில்லை, ஆட்டம் 5-5. இரண்டு நாள் கழித்து மறு ஆட்டம், யூகோஸ்லாவியா 3-1. தோற்ற அணிக்கு அடித்தளமாக இருந்த மாஸ்கோ ராணுவக் கிளப்பையே கலைத்துவிட்டார்கள். நாம் 10-1 வாங்கிக்கொண்டு வந்ததற்கு வெறும் திட்டோடு போயிற்று.

இனி 1990. அந்த அணியைப் பாருங்கள். ஸ்டோய்கோவிச், சவிச்செவிச், புரோசினெச்கி, சூகர், பான்சேவ். 1987இல் சிலியில் உலக இளைஞர் கோப்பையை வென்ற பையன்கள் வளர்ந்து வந்திருந்தார்கள். குரோவேசியரான பொபான் மட்டும் இல்லை. ஏன் இல்லை? 1990 மே 13, குரோவேசியத் தலைநகர் ஸாக்ரெபின் மக்சிமிர் மைதானம், அந்த ஊர் டைனமோ கிளப்பும் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் கிளப்பும். ஆட்டம் தொடங்கும் முன்பே ரசிகர்கள் நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்து மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். ஒரு ரசிகரை போலீஸ் அடிப்பதைப் பார்த்து பொபான் ஓடிவந்து அந்தப் போலீஸ்காரரை எட்டி உதைத்தார். தடை விழுந்தது, உலகக் கோப்பை போயிற்று. சில வாரத்தில் அதே மைதானத்தில் நெதர்லாந்தோடு பயிற்சி ஆட்டம். யூகோஸ்லாவிய தேசிய கீதத்துக்குச் சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள்.

அந்த மனதோடு இத்தாலிக்குப் போய், காலிறுதியில் மரடோனாவின் அர்ஜென்டினாவை எதிர்த்து முதல் பாதியிலேயே ஒருவர் சிவப்பு அட்டை வாங்க, மீதி நேரம் பத்துப் பேராக நின்று, 120 நிமிடமும் கோல் விடாமல் ஆடினார்கள். பெனால்டி. ஸ்டோய்கோவிச் கம்பத்தில் அடித்தார். மரடோனாவும் தவறவிட்டார்! கடைசியாக வந்தவர் ஃபாருக் ஹாட்ஸிபேகிச், சராயெவோக்காரர். பந்து கோல்கீப்பர் கையில். அந்தப் பெனால்டி உள்ளே போயிருந்தால் நாடு பிழைத்திருக்குமோ என்று இன்றுவரை அவரிடம் கேட்கிறார்களாம்.

கசப்புக் காபி எழுதியது:

ஒரு பெனால்டியில் நாடு பிழைப்பதாவது. இந்த மாதிரிப் பேச்சுதான் எனக்கு ஆகாது.

இழை தொடங்கியதிலிருந்து டிட்டோவுக்கு மாலை விழுந்துகொண்டே இருக்கிறது. கோலி ஓடோக் என்று யாராவது எழுதுவீர்களா என்று காத்திருந்தேன். பெயருக்கே மொட்டைத் தீவு என்று அர்த்தம். அட்ரியாடிக் கடலில் மரம் இல்லாத பாறை. 1949 முதல் ஸ்டாலின் பக்கம் சாய்ந்தவர்கள் என்று சந்தேகப்பட்டவர்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். படகில் வந்து இறங்கும் புதுக் கைதியை, ஏற்கெனவே இருக்கும் கைதிகள் இரண்டு வரிசையாக நின்று அடிக்க வேண்டும், அவன் நடுவில் ஓட வேண்டும். மெதுவாக அடித்தவனும் அடுத்து அதே வரிசைக்கு நடுவில் ஓடுவான். பகலெல்லாம் கல் சுமப்பார்கள், இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே, எதுவும் கட்டுவதற்காக இல்லை. கறுப்புக் குதிரையும் நடுவர் விசிலும் ஸ்டாலினை எதிர்த்த வீரக் கதையாகச் சொல்லும் அதே ஆண்டுகள் இவை.

கடலோடி ஐயா, சங்கு ஊதினால் ஊர் நின்றது உண்மை. நிற்காமல் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தக் காய்கறி அம்மாவைக் கேட்டிருக்க வேண்டும்.

கடலோடி எழுதியது:

கேட்க எனக்குப் பாஷை தெரியாதே. ஆனால் அந்த லாரி ஓட்டுநர் கண்ணைத் துடைத்தார். அதை எந்தப் போலீசும் செய்ய வைக்க முடியாது. இரண்டும் இருந்திருக்கும், போங்கள்.

பனி பார்க்காதவள் எழுதியது:

மாலை, மிரட்டல் இரண்டுக்கும் நடுவில் ஒரு வேடிக்கையான கதை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருடமும் டிட்டோ பிறந்தநாளுக்கு நாடு முழுக்க இளைஞர்கள் தொடரோட்டம் ஓடி, மே 25 அன்று பெல்கிரேட் மைதானத்தில் அவர் கையில் ஒரு கோலை (ரிலே ஓட்டத் தடியை) கொடுப்பார்கள். ஆலைகள், பள்ளிகள், கிராமங்கள் எல்லாம் தனித்தனியாகக் கோல் செய்து அனுப்பும். பெல்கிரேடில் உள்ள யூகோஸ்லாவிய அருங்காட்சியகத்தில் இருபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நான் அரைமணி நேரம் நின்றேன். கோல் என்றுதான் பெயர், பாதிக்குப் பாதி அந்தந்த ஆலையின் சரக்கைப் போலச் செய்தவை.

கவனியுங்கள், அவர் செத்த பிறகும் எட்டு வருடம் ஓடினார்கள். வாங்க ஆள் இல்லாத கோலுக்கு ஓட்டம். 1987இல் அதற்கான சுவரொட்டியை ஸ்லோவேனியக் கலைஞர் குழு ஒன்று வரைந்து கொடுத்தது. கட்டுமஸ்தான இளைஞன், கையில் கொடி, புறா. நடுவர் குழு புகழ்ந்து தேர்வு செய்துவிட்டது. அப்புறம்தான் ஒருவர் கண்டுபிடித்தார், அது 1936 நாஜி ஓவியம் ஒன்றின் நகல், கொடியையும் பறவையையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள்! நாஜிகளை எதிர்த்துப் போராடிப் பிறந்த நாடு என்று பெருமை பேசியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அதற்கு அடுத்த வருடத்தோடு ஓட்டம் நின்றது.

சூரிச் ரயில் எழுதியது:

நான் அந்த நாட்டுக்குப் போனதில்லை. அந்த நாட்டு ஆட்களோடு முப்பது வருடம் வேலை செய்தவன்.

1991இல் சுவிசுக்கு வந்தேன். முதல் வேலை ஒரு உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவுவது. என்னோடு மூன்று பேர். பெரிய சமையல்காரர் பொஸ்னியா, சலாட் போடுகிற அக்கா சேர்பியா, எனக்குப் பக்கத்தில் நின்று சட்டி உரஞ்சின பெடியன் கொசோவோ அல்பேனியன். மூவரிடமும் இருந்தது ஒரே நாட்டுச் சிவப்புக் கடவுச்சீட்டு. ஊரில் சண்டை மூண்ட நாட்களில் குசினி ரேடியோவை யாரும் போடுவதில்லை. அது பேசி வைத்த ஒப்பந்தம் இல்லை, யாரும் தொடவில்லை, அவ்வளவுதான்.

பொஸ்னியாக்காரரும் சேர்பிய அக்காவும் தங்களுக்குள் கதைப்பார்கள். என்ன மொழி என்று ஒருநாள் கேட்டேன். சேர்பிய மொழி என்றால் அவருக்குப் பிடிக்காது, பொஸ்னிய மொழி என்றால் அக்காவுக்குப் பிடிக்காது. இருவரும் ஒரே நேரத்தில் 'நாஷ்கி' என்றார்கள். நம்மடை மொழி, அவ்வளவுதான் அர்த்தம். பிறகு பல இடங்களில் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன்.

இருவரும் ஒத்துப்போன இன்னொரு விசயம் வெகெட்டா. நீலப் பொதி, மரக்கறியும் உப்பும் கலந்த தூள். 1959இல் கொப்ரிவ்னிட்சா என்ற குரோவேசிய ஊர்த் தொழிற்சாலையில் ஸ்லாட்டா பார்ட்ல் என்ற பெண்மணி உருவாக்கியது. சூப்புக்கும் போடுவார்கள், இறைச்சிக்கும் போடுவார்கள். முதலாளி கண்டால் ஏசுவார் என்று அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார்கள். இப்ப எங்கள் வீட்டிலும் இருக்கிறது, பருப்புக்கு ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள்.

அந்தக் கொசோவோப் பெடியனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மற்ற இருவரும் பழைய காலம், கடற்கரை விடுமுறை, விளையாட்டு என்று சிரித்துக் கதைக்கும்போது அவன் தண்ணிக் குழாயை இன்னும் கொஞ்சம் கூடத் திறந்துவிடுவான். ஒருநாள் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன். 'யூகோ என்றால் தெற்கு, ஸ்லாவியா என்றால் ஸ்லாவ்களின் நாடு. நான் ஸ்லாவ் இல்லையே' என்றான். 1989இல் கொசோவோவின் தன்னாட்சியைப் பறித்த பிறகு அவன்ட தங்கச்சி படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, யாரோ ஒருவருடைய வீட்டு அறையில், பாய் விரித்து. அல்பேனிய மொழியில் படிப்பிக்க வேறு வழி இருக்கவில்லை.

1976இல் கொழும்பில் அணிசேரா மாநாடு நடந்தபோது டிட்டோ வந்தார். அப்பா அப்போது அங்கே எழுதுவினைஞர், பெரிய மனுசர் என்று சாகும்வரை சொல்லுவார். நான் அப்பாவிடம் இந்தப் பெடியனைப் பற்றிச் சொன்னதில்லை.

கசப்புக் காபி எழுதியது:

சூரிச் ரயில் அண்ணா, இதைத்தான் நான் சொல்ல முயன்றேன், எனக்கு இப்படிச் சொல்ல வரவில்லை.

மூணு பாயிண்ட் எழுதியது:

கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடியவள் என்ற உரிமையில் வருகிறேன். கால்பந்தில் அவர்கள் எப்போதும் 'கிட்டத்தட்ட'. கூடைப்பந்தில் அப்படி இல்லை. 1970இல் லியூப்லியானாவில், 1978இல் மணிலாவில், 1990இல் பியூனஸ் அயர்ஸில் உலக சாம்பியன். 1980 மாஸ்கோவில் ஒலிம்பிக் தங்கம். 60களில் கோராச் என்று ஒருவர், ஃப்ரீ த்ரோவை இரண்டு கையாலும் கீழிருந்து தூக்கிப் போடுவார், கிணற்றில் வாளி இழுக்கிற மாதிரி. ஒரே ஆட்டத்தில் 99 புள்ளி எடுத்த மனிதர். இன்று அப்படிப் போட்டால் பயிற்சியாளர் வெளியே உட்கார வைத்துவிடுவார்.

1990 இறுதியில் சோவியத்தை 92-75 என்று துவைத்தார்கள். எல்லாரும் கட்டிப்பிடித்துக் குதிக்கும்போது ஒரு ரசிகர் குரோவேசியக் கொடியோடு உள்ளே ஓடி வந்தார். அணியில் இருந்த செர்பியரான டிவாட்ஸ் அதைப் பிடுங்கினார். இது யூகோஸ்லாவியாவின் வெற்றி, எந்தக் கொடியாக இருந்தாலும் பிடுங்கியிருப்பேன் என்பது அவர் கட்சி. ஆனால் ஸாக்ரெபில் அதைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு செர்பியன் நம் கொடியைப் பிடுங்கியதாகத்தான் தெரிந்தது. அணியில் அவருக்கு அறைத்தோழனாக இருந்த குரோவேசியர் டிராஷென் பெட்ரோவிச் பேச்சை நிறுத்திக்கொண்டார். 1993 ஜூன் 7 அன்று ஜெர்மனியில் கார் விபத்தில் பெட்ரோவிச் இறந்தார், 28 வயது. பேச்சு விட்டது விட்டதுதான். பல வருடம் கழித்து டிவாட்ஸ் ஸாக்ரெபுக்குப் போய்க் கல்லறையில் நின்றார்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 1991 ஜூன், ரோமில் ஐரோப்பியக் கோப்பை. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்லோவேனியா விடுதலையை அறிவித்தது. அணியில் இருந்த ஸ்லோவேனியர் யூரே ஸ்தோவ்ட்ஸுக்கு, விளையாடாதே என்று அவர் அரசிடமிருந்து உத்தரவு. அரையிறுதிக்கு முன்னால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மீதிப் பேர் ஆடிக் கோப்பையை வென்றார்கள். அந்த நாடு கூடைப்பந்தில் வென்ற கடைசிக் கோப்பை அது. மேடையில் சிரித்தவர்களின் படத்தைத் தேடிப் பாருங்கள், ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு முழுசாக இல்லை.

நடுவர் விசில் எழுதியது:

அதே வருடம் மே 29 அன்று இத்தாலியின் பாரி நகரத்தில் ரெட் ஸ்டார் ஐரோப்பியக் கோப்பையை வென்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசிப் பெனால்டி மாசிடோனியரான பான்சேவ். முதல் பெனால்டி புரோசினெச்கி, அப்பா குரோவேசியர், அம்மா செர்பியர். அந்தப் புரோசினெச்கிதான் 1990இல் யூகோஸ்லாவியாவுக்கும் 1998இல் குரோவேசியாவுக்கும் உலகக் கோப்பையில் கோல் போட்டவர். மாற்றிப் போட்ட சட்டை இரண்டிலும் கோல்!

அரை டிக்கெட், நீ முதலில் கேட்டதற்குப் பதில் இதோ. 1992இல் திருப்பி அனுப்பப்பட்ட அணிக்குப் பயிற்சியாளர் அதற்கு ஒரு வாரம் முன்பே விலகிவிட்டார். இவிட்ஸா ஒசிம். சராயெவோவில் பிறந்தவர். மனைவி முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார், மலையிலிருந்து சொந்த நாட்டு ராணுவமே ஊரின் மேல் குண்டு வீசிக்கொண்டிருந்தது. ஊருக்காக என்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் என்று சொல்லி எழுந்து போனார். தடை வந்தது அதற்குப் பிறகு.

பனி பார்க்காதவள் எழுதியது:

சராயெவோ வந்துவிட்டதால் நானும் மறுபடி வருகிறேன். 2019இல் போனேன். கட்டடக்கலை படித்தவள், பார்க்கப் போனது 1984 குளிர்கால ஒலிம்பிக்ஸின் மிச்சங்களை.

முதலில் நல்ல கதை. பிப்ரவரி 8 தொடக்க விழா. அதுவரை பனி போதவில்லை என்று கவலைப்பட்டார்கள், அன்று இரவு கொட்டித் தீர்த்தது, பாதைகள் மூடிவிட்டன. ஊர் ஜனங்களே மண்வெட்டியோடு இறங்கித் தள்ளினார்கள். வூச்கோ என்ற ஓநாய்தான் சின்னம், ஊர்ப் பெயரை நீட்டி ஊளையிடும். பத்திரிகை வாசகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது. பனிச்சறுக்கில் யூரே ஃப்ராங்கோ என்ற ஸ்லோவேனியப் பையன் வெள்ளி வென்றான். குளிர்கால ஒலிம்பிக்ஸில் அந்த நாட்டின் முதல் பதக்கம். புரெக் என்பது அந்த ஊர் உயிர், பரோட்டா மாவு மாதிரி இழுத்து மெல்லிசாக்கி, உள்ளே இறைச்சி வைத்துச் சுருட்டிச் சுடுவது. 'புரெக்கைவிட எங்களுக்கு யுரெக்கைப் பிடிக்கும்' என்று தெருவில் கோஷம். ஒரு போஸ்னிய ஊர் ஒரு ஸ்லோவேனியனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கொடுக்க முடியாது.

இனி நான் பார்த்தது. கேபிள் காரில் த்ரெபெவிச் மலைக்கு ஏறினால் காட்டுக்குள் பாப்ஸ்லெட் (பனிவண்டிப் பந்தயம்) ஓடுபாதை. சிமெண்டில் வளைந்து வளைந்து இறங்குகிறது, பெரிய மழைநீர்க் கால்வாய் மாதிரி. உள்ளே முழுக்கச் சுவர் ஓவியம், காலுக்கடியில் பைன் ஊசிகள். ஒரு வளைவில் சுவரில் கை நுழையும் அளவு ஓட்டை. மழைநீர் வடியத்தான் என்று நினைத்து அதன் வழியே குனிந்து பார்த்தேன். நேர் கீழே ஊர். கூரை கூரையாகத் தெரிகிறது, டிராம் போவதுகூடத் தெரிகிறது. அப்புறம்தான் உறைத்தது. முற்றுகை நாட்களில் துப்பாக்கி வைக்கக் குடைந்த ஓட்டை.

1992 ஏப்ரலில் தொடங்கி 1996 பிப்ரவரி வரை, 1425 நாள். பிரிட்டிஷ் பனி நடன ஜோடி டோர்வில்லும் டீனும் ஆடிய ஸெத்ரா அரங்கம் குண்டில் எரிந்தது. அதன் மர இருக்கைகளைப் பிரித்துச் சவப்பெட்டி செய்தார்கள். பக்கத்து விளையாட்டுத் திடல் இடுகாடாயிற்று. அரங்கத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள், நான் போனபோது பள்ளிப் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் வூச்கோ படம் போட்ட சாவிக்கொத்து விற்றவர், 84இல் தனக்குப் பத்து வயது என்றார். ஒன்று வாங்கினேன். இரண்டாவது இலவசம் என்று கையில் திணித்தார்.

அரை டிக்கெட் எழுதியது:

மூன்று முறை படித்துவிட்டேன். அப்பாவிடமும் வாசித்துக் காட்டினேன். அவருக்கு ஹெல்சிங்கி 10-1 மட்டும் தெரிந்திருந்தது, தாத்தா சொன்னாராம். வெகெட்டா சென்னையில் எங்கே கிடைக்கும்?

சூரிச் ரயில் எழுதியது:

தெரியாது தம்பி. மார்கழியில் ஊருக்குப் போகிற வழியில் சென்னை வருவேன், இரண்டு பொதி கொண்டுவரலாம். உப்பைக் குறைத்துப் போட வேண்டும், சொல்லிவிட்டேன்.

கறுப்புக் குதிரை எழுதியது:

வீடு மாற்றுகிறேன். பழைய இன்ஃபார்மேட்டர் பதினொரு தொகுதி இருக்கிறது. மூன்றின் அட்டையைப் பூச்சி அரித்துவிட்டது, ஒன்றில் என் பையன் கிரேயான் கிறுக்கியிருக்கிறான், ஆட்டங்கள் எல்லாம் தெளிவாகத் தெரியும். கணினி வந்த பிறகு யாருக்கும் தேவைப்படாது, ஆனாலும் எடைக்குப் போட மனசு வரவில்லை. முதலில் கேட்பவருக்கு. தபால் செலவு உங்களுடையது.

பழைய நோட்டு எழுதியது:

எனக்கு ஆடத் தெரியாது, இருந்தாலும் எடுத்து வையுங்கள். என்னிடம் உருக்காலைக்காரர் நோட்டு இன்னொன்று இருக்கிறது, கொஞ்சம் கிழிசல். தபால் செலவுக்குப் பதில் அதை வைத்துக்கொள்கிறீர்களா?